ஆர்வக் குறைவா, அறிமுகக் குறைவா? இடைநிலைப்பள்ளி மாணவர்களும் நிரலாக்கமும்

மலேசியாவில் 2024 மே மாதம் அறிவிக்கப்பட்ட தேசிய செமிகண்டக்டர் (கணினிச் சில்லு) வியூகத் திட்டம், 60,000 பொறியாளர்களைப் பயிற்றுவிப்பதைத் தன் இலக்குகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. 2027-இல் ஆரம்பப்பள்ளியின் முதலாம் ஆண்டிலும் இடைநிலைப்பள்ளியின் முதலாம் படிவத்திலும் புதிய கலைத்திட்டம் தொடங்கும் எனக் கல்வியமைச்சு அறிவித்துள்ளது. இவ்விரு அறிவிப்புகளுக்கும் இடையில் நிற்கும் பெற்றோர் பலருக்குக் குழப்பம் மிஞ்சியிருக்கிறது. நிரலாக்கம் எல்லாப் பிள்ளைகளுக்கும் தேவையா? படிவம் 4-இல் கணினி அறிவியல் எடுக்காவிட்டால் பல்கலைக்கழக வாய்ப்பு போய்விடுமா? செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தரும் காலத்தில் இதைக் கற்று என்ன பயன்? இத்துறையில் நம் தமிழ்ப் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைவு என்று மேடைதோறும் பேசப்படுகிறதே, அது ஆர்வமின்மையால் நேர்ந்ததா, வேறு காரணம் உண்டா?

இக்கட்டுரை கடைசிக் கேள்வியை மையமாக வைத்து மற்றவற்றை விளக்க முயல்கிறது. ஏனெனில், அந்த ஒரு கேள்விக்குத் தவறான விடையை வைத்துக்கொண்டு தொடங்கும் ஊக்குவிப்புத் திட்டங்கள் ஒருநாள் பட்டறையாகவும் நற்சான்றிதழாகவும் முடிந்துவிடுகின்றன.

நிரலாக்கம் என்பது எது

கணினியைப் பயன்படுத்தத் தெரிவதும் நிரலாக்கமும் வேறு வேறு. காணொளி தொகுப்பதும், படவில்லைகள் தயாரிப்பதும், இணையத்தில் தேடுவதும் பயனுள்ள திறன்கள்தாம். ஆனால் அவை பிறர் எழுதிவைத்த கட்டளைகளை இயக்குவது மட்டுமே. ஒரு சிக்கலைச் சிறு படிகளாகப் பகுத்து, அந்தப் படிகளைக் கணினி பிழையின்றிப் பின்பற்றும் வகையில் எழுதுவதுதான் நிரலாக்கம். படிகளின் வரிசைக்குப் படிமுறை என்று பெயர். அதை ஒரு கணினி மொழியில் எழுதினால் நிரல்.

தமிழ்ப்பள்ளியில் படித்த எந்த மாணவருக்கும் புரியக்கூடிய ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். பைத்தான் மொழியில் ஒரு சொல்லின் நீளத்தைக் கணக்கிட லென் என்ற கட்டளை உண்டு. அதனிடம் ‘பினாங்கு’ என்ற சொல்லைக் கொடுத்தால் 8 என்று விடை வரும். முதலாம் ஆண்டு மாணவர்கூட அதில் நான்கு எழுத்துகள்தாம் என்று சொல்லிவிடுவார். கணினி தவறு செய்யவில்லை. எழுத்துகளைக் கணினியில் பதியும் யூனிகோட் குறியீட்டு முறையில் ‘பி’ என்பது ‘ப’ எழுத்துக்கு ஒன்று, இகரக் குறிக்கு ஒன்று என இரண்டு குறியீடுகளாகப் பதிவாகிறது. ‘ங்’ என்பதில் புள்ளிக்கும் தனிக் குறியீடு உண்டு. கணினி குறியீடுகளை எண்ணுகிறது. நாம் எழுத்துகளை எண்ணுகிறோம்.

சரியான விடையைப் பெற மாணவர் என்ன செய்ய வேண்டும்? எண்ணிக்கையை வைத்திருக்க ஒரு மாறியைச் சுழியத்தில் தொடங்க வேண்டும். சொல்லில் உள்ள குறியீடுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க ஒரு சுழற்சி வேண்டும். எடுத்த குறியீடு உயிர்மெய்க் குறியாகவோ புள்ளியாகவோ இருந்தால் விட்டுவிட்டு, மற்றவற்றுக்கு மட்டும் எண்ணிக்கையை ஒன்று கூட்ட ஒரு நிபந்தனை வேண்டும். மாறி, சுழற்சி, நிபந்தனை ஆகிய மூன்றும் நிரலாக்கத்தின் அடிப்படைகள். ‘ஸ்ரீ’ போன்ற எழுத்து வரும்போது, ஒன்றை இரண்டாக எண்ணி இந்த நிரல் சறுக்கும். அதைக் கண்டுபிடித்துத் திருத்துவதற்குப் பிழைதிருத்தம் என்று பெயர். பத்து வரிக்கும் குறைவான இந்த ஒரு பயிற்சியில், முதல் பருவத்தில் கற்க வேண்டியவற்றில் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. இதற்கு உயர்கணிதம் தேவைப்படவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

குறைவான பங்கேற்பு என்றால் என்ன

ஒரு துறையில் ஒரு பிரிவினரின் பங்கு, மக்கள்தொகையில் அவர்களின் பங்கைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தால் அப்பிரிவினரைக் குறைவாகப் பங்கேற்போர் என்பர். வெறும் எண்ணிக்கைக் குறைவு இதன் பொருளன்று. 2020-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசியக் குடிமக்களில் இந்தியர் 6.7 விழுக்காட்டினர். எல்லாம் சமமாகவே அமைந்தாலும், 30 மாணவர் கொண்ட கணினி அறிவியல் வகுப்பில் சராசரியாக இருவர்தாம் இந்திய மாணவராக இருப்பர். இந்தியர் மிகுதியாக வாழும் செந்தூலிலும் பிறையிலும் உள்ள பள்ளிகளில் இது கூடலாம். வேறிடங்களில் ஒருவரும் இல்லாமல் போகலாம்.

இந்தக் கணக்கை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. சிறுபான்மை மாணவர் ஒருவர் வகுப்பில் தனியாக உட்காரும் நிலை, பாகுபாடு எதுவும் இல்லாதபோதே ஏற்படக்கூடியது. அவருக்கு அருகில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை, வீட்டிலும் இல்லை. வசதி குறைந்த குடும்பம், தோட்டப்புறப் பின்னணி, அண்ணன் அக்கா எவரும் இத்துறையில் இல்லாமை ஆகியவை அதன்மேல் சேரும்போதுதான் பங்கு மேலும் சரிகிறது. ஆகவே இனம் ஒன்றை மட்டும் அளவுகோலாக வைத்து இச்சிக்கலைப் பார்ப்பது போதாது. கோலாலம்பூர் அடுக்குமாடி வீட்டில் வளரும் மலாய் மாணவருக்கும் சரவாக் உட்புற மாணவருக்கும் இதே தடைகளில் பல பொருந்தும்.

பாதை எங்கெங்கே பிரிகிறது

நிரலாக்கத்துக்கு வரும் மாணவரும் வராத மாணவரும் பிரியும் இடங்கள் நம் கல்வி அமைப்பில் மிகத் தெளிவாகவே இருக்கின்றன.

1. ஆரம்பப்பள்ளி. வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில், ஆறாம் ஆண்டுக்குள் கட்டளைகளை அடுக்கிச் சிறு நிரல் உருவாக்கும் பகுதி மாணவருக்கு அறிமுகமாகிறது. தமிழ்ப்பள்ளி மாணவர் இதைத் தமிழில் கற்கிறார். கணினிக்கூடம் இயங்கும் பள்ளியில் இது செயல்வழிப் பாடம். இயங்காத பள்ளியில் பாடநூலின் படங்களைப் பார்த்துப் பதிலெழுதும் பாடம்.

2. படிவம் 1. கணினி அறிவியல் அடிப்படை என்ற பாடம் 2017-இல் இடைநிலைப்பள்ளிகளில் தொடங்கியது. அதே ஆண்டில் கணிமைச் சிந்தனையும், அதாவது சிக்கலைக் கணினி தீர்க்கும் விதமாகப் பகுத்து அணுகும் முறையும், கலைத்திட்டத்தில் சேர்ந்தது. எண்களை இருமத்தில், அதாவது 0, 1 மட்டும் கொண்டு, எழுதுவது முதல், கட்டளைக் கட்டங்களை அடுக்கி நிரல் அமைக்கும் ஸ்கிராட்ச், பைத்தான் வரை இதில் வரும். ஆனால் இது எல்லாருக்கும் உரியதன்று. மாணவர் இதையோ, வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தையோ, இரண்டில் ஒன்றைத்தான் பயில்கிறார். எது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பள்ளியிடம் உள்ள ஆசிரியரும் கணினிக்கூடமும். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளையின் விருப்பம் அன்று. மலாய்மொழித் தேர்ச்சி போதாமல் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்து வரும் மாணவரும் இதே நிலையில்தான் சேர்கிறார்.

3. படிவம் 4. அறிவியல் துறை, கலைத்துறை என்ற பழைய பிரிப்பு 2020 முதல் நீக்கப்பட்டுப் பாடத் தொகுப்பு முறை வந்திருக்கிறது. கணினி அறிவியல் இப்போது ஒரு தேர்வுப்பாடம். படிவம் 4-இல் ஜாவா மொழி, தரவுத்தளம், மனிதர் கணினி ஊடாட்டம். படிவம் 5-இல் கணினிச் சுற்றின் அடிப்படையான தருக்கக் கதவுகள், தரவுத்தளத்தை வினவும் எஸ்.கியூ.எல். மொழி, இணைய நிரலாக்கம் என்று அது விரிகிறது. தமிழ்மொழியையும் தமிழ் இலக்கியத்தையும் ஐந்தாம் படிவ இறுதியில் வரும் எஸ்.பி.எம். தேர்வில் எடுக்க விரும்பும் மாணவருக்கு மேலும் ஒரு பாடம் சேர்ப்பது உண்மையிலேயே சுமை. இதற்குத் தமிழை விட்டுவிடும்படி அறிவுரை கூறுவோர் உண்டு. அந்த அறிவுரை தேவையற்றது. காரணத்தை அடுத்த எண்ணில் காணலாம்.

4. எஸ்.பி.எம். தேர்வுக்குப் பின். ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம்., பல்கலைக்கழக முன்படிப்பான மெட்ரிகுலேஷன், பாலிடெக்னிக், தனியார் கல்லூரி அடிப்படைக் கல்வி ஆகியவை வழியாகக் கணினிப் பட்டப்படிப்பை அடையலாம். எஸ்.பி.எம். கணினி அறிவியல் பாடம் அதற்குப் பொதுவான முன்நிபந்தனை அன்று. கணிதம்தான் முதன்மையானது. கூடுதல் கணிதத்தில் தேர்ச்சி இருந்தால் கதவுகள் அதிகம். இல்லாதவருக்கும் கணிதத் தேர்ச்சியோடு முதலாண்டில் வலுவூட்டல் கணிதம் படிக்கும் ஏற்பாட்டின்வழி இடமளிக்கும் கல்விக்கூடங்கள் உண்டு. நிபந்தனைகள் இடத்துக்கு இடம் மாறுவதால் விண்ணப்பத்துக்கு முன் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். நிரலாக்கத்தின் சுவை தெரியுமுன்பே, பல மாணவருக்கு அதைப் பற்றிய முடிவு பிறரால் எடுக்கப்பட்டுவிடுகிறது. படிவம் 4-இல் பாடம் தெரிவு செய்யும் மாணவரிடம் ‘உனக்கு ஆர்வம் உண்டா?’ என்று கேட்கிறோம். ஒருமுறைகூடச் செய்து பார்க்காத ஒன்றின்மீது ஆர்வம் எங்கிருந்து வரும்?

திறமைபோல் தோன்றும் முன்பழக்கம்

இச்சிக்கலில் மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் பகுதி இது. வெளிநாட்டு அனுபவம் இங்கே பெரிதும் உதவும்.

அமெரிக்காவில் 1984-இல் கணினி அறிவியல் பட்டம் பெற்றோரில் ஏறத்தாழ 37 விழுக்காட்டினர் பெண்கள். அந்தப் பங்கு பின்னர் ஏறத்தாழ 18 விழுக்காடாகச் சரிந்தது. மருத்துவத்திலும் சட்டத்திலும் பெண்களின் பங்கு ஏறிக்கொண்டிருந்த காலத்தில் கணினித்துறையில் மட்டும் இறங்கியது. பலரும் சுட்டும் காரணங்களுள் ஒன்று, எண்பதுகளில் வீட்டுக் கணினி ஆண்பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளாக விற்கப்பட்டது. விளைவாக, பல்கலைக்கழக முதல் வகுப்புக்கே சிலர் பல ஆண்டுப் பழக்கத்தோடு வந்தனர். விரிவுரையாளர்கள் அந்தப் பழக்கத்தை இயல்பான தொடக்க நிலையாகக் கருதிப் பாடம் நடத்த, புதிதாக வந்தவர்கள் தமக்கு மூளை போதாது என்று முடிவு செய்து விலகினர்.

இதை மாற்றிக் காட்டியவர்கள் செய்த வேலை எளிமையானது. கலிபோர்னியாவின் ஹார்வி மட் கல்லூரியில் 2006-க்குப் பின், தலைவர் மரியா கிளாவின் காலத்தில், அறிமுகப் பாடம் முன் அனுபவம் உள்ளோருக்கு ஒரு பிரிவு, இல்லாதோருக்கு ஒரு பிரிவு எனப் பிரிக்கப்பட்டது. இரு பிரிவுக்கும் வண்ணங்களின் பெயரே சூட்டப்பட்டது. உயர்ந்தது, தாழ்ந்தது என்ற பேச்சு எழவில்லை. மொழி பைத்தானாக மாறியது. பயிற்சிகள் பல துறைச் சிக்கல்களிலிருந்து எடுக்கப்பட்டன. வகுப்பில் தன் அறிவைக் காட்டிக்கொண்டே இருந்து மற்றவரை மிரளவைக்கும் மாணவரிடம் ஆசிரியர் தனியே பேசி, அந்த உரையாடலை வகுப்புக்கு வெளியே வைத்துக்கொண்டார். கணினி அறிவியலை முதன்மைப் பாடமாக எடுத்தோரில் பெண்களின் பங்கு சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ பத்தில் ஒன்றிலிருந்து பத்தில் நான்காக உயர்ந்தது. அதற்கு முன்பே கார்னகி மெலன் பல்கலைக்கழகம், சேர்க்கையில் முன் அனுபவத்துக்குக் கொடுத்த எடையைக் குறைத்துப் பல நுழைவு நிலைகளை வைத்ததால் 1995-இல் 7 விழுக்காடாக இருந்த பெண்களின் சேர்க்கையை 2000-இல் 42 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்திருந்தது. ஐந்தாண்டில் ஒரு நாட்டுப் பெண்களின் பிறவித் திறன் மாறிவிடாது. மாறியது வகுப்பறை ஏற்பாடு.

சூழலின் தாக்கம் எவ்வளவு நுண்ணியது என்பதை உளவியலாளர் சப்னா செரியானும் உடன் ஆய்வாளர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. அறிவியற்புனைவுச் சுவரொட்டிகளும் கணினி உதிரிப்பாகங்களும் நிறைந்த அறையில் இருந்த பெண்கள் கணினி அறிவியலில் குறைந்த ஆர்வம் காட்டினர். இயற்கைக் காட்சிகள் மாட்டிய அறையில் இருந்தோருக்கு அந்தத் தயக்கம் குறைந்தது. நம் பள்ளிக் கணினி மன்றங்களின் அறைச் சுவர்களையும் சுவரொட்டிகளையும் ஒருமுறை பார்த்தால் இது அமெரிக்கச் சங்கதி மட்டுமன்று என்பது விளங்கும்.

மலேசியா இதில் ஒரு வியப்பான எதிர்மாதிரி. நார்வே ஆய்வாளர் விவியன் லாகேசன் கோலாலம்பூரிலும், சுவீடன் ஆய்வாளர் உல்ஃப் மெல்ஸ்ட்ரோம் பினாங்கிலும் செய்த கள ஆய்வுகள் 2008, 2009-ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. இங்கே கணினி அறிவியல் படிப்பில் பெண்கள் நிறைந்திருப்பதை இருவரும் பதிவு செய்தனர். கட்டடத்துக்குள் இருந்து செய்யும் பாதுகாப்பான, மதிப்பான வேலை என்று பெற்றோரும் மாணவியரும் இதைக் கருதியதே முக்கியக் காரணம். ஒரே துறை, ஒரு நாட்டில் ஆண்களுக்கு உரியதாகவும் இன்னொரு நாட்டில் பெண்களுக்கு ஏற்றதாகவும் கருதப்படுகிறது என்றால், ‘இது நம்மவருக்கு வராது’ என்ற எண்ணத்துக்குத் துறையின் இயல்பில் அடிப்படை இல்லை. பெண்பிள்ளையைக் கணினித்துறைக்கு அனுப்பத் தயங்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு, இந்நாட்டிலேயே கிடைக்கும் இச்சான்று எந்த ஊக்கவுரையைவிடவும் வலுவானது என்பது என் கருத்து.

மூன்று மொழிகளின் சுமை

தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் மாணவருக்கு மட்டும் உரிய தடை ஒன்று உண்டு. ஆரம்பப்பள்ளியில் தமிழ், இடைநிலைப்பள்ளிப் பாடநூலிலும் ஆசிரியர் விளக்கத்திலும் மலாய், கணினி மொழியின் கட்டளைகளும் பிழைச்செய்திகளும் ஆங்கிலம். தருக்கம் புரிந்த பிள்ளையும் மொழியில் சிக்கித் தருக்கமே புரியவில்லை என்று நினைத்துக்கொள்ள இதில் வாய்ப்பு அதிகம்.

இதில் பெரிய முட்டுக்கட்டை கட்டளைச் சொற்கள் அல்ல. தொடக்க நிலைக்குத் தேவையான பைத்தான் கட்டளைச் சொற்கள் சில பத்துக்குள் அடங்கும். அவற்றைப் பெயர்களாக மனத்தில் பதித்துக்கொள்ளலாம். முட்டுக்கட்டை பிழைச்செய்திதான். திரையில் சிவப்பு நிறத்தில் நாலைந்து ஆங்கில வரி வந்ததும் மாணவர் கையை எடுத்துவிடுகிறார். இதற்கு நேரடியான பயிற்சி உண்டு. பைத்தான் பிழைச்செய்தியைக் கீழிருந்து மேலாகப் படிக்கக் கற்பிக்க வேண்டும். கடைசி வரியில் பிழையின் வகை இருக்கும். அதற்கு மேலே வரியின் எண் இருக்கும். நேம்எரர் என்றால் அந்தப் பெயரில் மாறி எதுவும் இல்லை, எழுத்துப் பிழையைப் பார்க்க வேண்டும். இன்டென்டேஷன்எரர் என்றால் வரியின் தொடக்க இடைவெளி தவறு. சின்டாக்ஸ்எரர் என்றால் அடைப்புக்குறியோ மேற்கோளோ முக்காற்புள்ளியோ விடுபட்டிருக்கலாம். இந்த மூன்றையும் தமிழில் ஓர் அட்டையில் எழுதிக் கணினி அருகில் வைத்தால், முதல் மாதத்தில் வரும் பிழைகளில் பெரும்பாலானவற்றை மாணவரே தீர்த்துக்கொள்வார்.

தமிழிலேயே நிரல் எழுத முடியாதா என்று கேட்போர் உண்டு. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில், தமிழ்க் கட்டளைச் சொற்களைக் கொண்ட நிரல்மொழி. பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர் வைக்கவும் முடியும். முதல் சில வாரங்களுக்கு, அச்சம் நீங்கும் வரை, இவை நல்ல துணை. ஆனால் பாடநூல், தேர்வு, வேலையிடம் ஆகிய மூன்றிலும் ஆங்கிலக் கட்டளைகளே நிற்பதால், தமிழில் விளக்கம், ஆங்கிலத்தில் நிரல் என்ற கலப்பு முறைதான் நடைமுறைக்கு ஒத்துவரும் என்று தோன்றுகிறது.

கருவி இல்லாத வீடு

பெருந்தொற்றுக் காலத்தில் 2020-இல் கல்வியமைச்சு நடத்திய கருத்தாய்வில் 36.9 விழுக்காட்டு மாணவரிடம் எந்த மின்னணுக் கருவியும் இல்லை என்று தெரியவந்தது. ஏறத்தாழ 46 விழுக்காட்டினரிடம் இருந்தது திறன்பேசி. மடிக்கணினி உடையோர் பத்தில் ஒருவருக்கும் குறைவு. அதன்பின் நிலைமை மாறியிருந்தாலும், ‘வீட்டில் கருவி உண்டு’ என்று பதிவாகும் இடத்தில் அந்தக் கருவி தம்பி தங்கையரோடு பகிரும் ஒரு கைப்பேசியாக இருக்கக்கூடும் என்பதை இந்த எண்கள் நினைவூட்டுகின்றன.

கைப்பேசியில் நிரலாக்கம் கற்க முடியுமா? பாதி முடியும். உலாவியிலேயே பைத்தான் இயக்கும் தளங்கள் உண்டு. ஆனால் அடைப்புக்குறியும் மேற்கோள்குறியும் விசைப்பலகையின் இரண்டாம் பக்கத்தில் ஒளிந்திருக்கும். வரித்தொடக்க இடைவெளிகளைச் சிறிய திரையில் சரிபார்ப்பது கடினம். ஸ்கிராட்சில் படைப்புகளை உருவாக்கவும் கைப்பேசித் திரை போதாது. ஆகவே கைப்பேசி படிக்கவும் சிறு பயிற்சிக்கும் உதவும். உண்மையான பயிற்சிக்கு வாரம் சில மணி நேரமாவது விசைப்பலகை உள்ள கணினி வேண்டும். புதியது தேவையில்லை. அலுவலகங்கள் கழிக்கும் பழைய மடிக்கணினிகளே பைத்தானுக்குப் போதும். ஸ்கிராட்சை இணையம் இல்லாமலும் இயக்கலாம். மைக்ரோபிட் போன்ற, நிரலிட்டு இயக்கும் உள்ளங்கை அளவு மின்னணுப் பலகைகளை ஒரு மன்றம் சிலவற்றை வாங்கிப் பகிரலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கமும் ஆலயமும் முன்னாள் மாணவர் அமைப்பும் உதவ முன்வரும்போது, பரிசுக் கோப்பைகளுக்குப் பதிலாக ஐந்து பழைய மடிக்கணினிகளைக் கேட்டுப் பெறுவது நல்லது.

எத்தகைய ஊக்குவிப்பு நிலைக்கும்

1. காலம். படிவம் 3 முடியுமுன் செய்முறை அனுபவம் கிடைக்க வேண்டும். ஐந்தாம் படிவ மாணவரைக் கூட்டித் தொழில் வழிகாட்டிக் கருத்தரங்கு நடத்துவது, பாடத் தெரிவு முடிந்து ஓராண்டுக்குமேல் கடந்தபின் செய்யும் வேலை.

2. கூட்டம். தனி ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்புவதைவிட, ஒரே பள்ளியிலிருந்து நான்கைந்து பேரை ஒன்றாகச் சேர்ப்பது நல்லது. இருவர் ஒரு கணினியில் அமர்ந்து, ஒருவர் தட்டச்சிட மற்றவர் அடுத்த படியைச் சொல்லிப் பிழை பார்த்து, சிறிது நேரத்தில் இடம் மாறிக்கொள்ளும் இணை நிரலாக்க முறை கலிபோர்னியப் பல்கலைக்கழகங்களில் ஆராயப்பட்டு, புதியவர்கள், குறிப்பாகப் பெண்கள், படிப்பைத் தொடர உதவுவதாகக் கண்டறியப்பட்டிருக்கிறது. கணினிப் பற்றாக்குறை உள்ள இடத்தில் இது இயல்பாகவே பொருந்திவிடும்.

3. தொடக்கநிலையாளருக்குத் தனி நேரம். ஏற்கெனவே பழகியவரையும் இன்றுதான் தொடங்குபவரையும் ஒரே போட்டியில் நிறுத்தக் கூடாது. ரோபோட்டிக் போட்டிகள் பள்ளிக்குப் புகழ் தருகின்றன. ஆனால் வெல்லக்கூடிய அணியைத் தேடும்போது ஏற்கெனவே தெரிந்தவரே மீண்டும் மீண்டும் தேர்வாகின்றனர். போட்டியை மட்டும் நம்பும் மன்றம், யாரைச் சேர்க்க வேண்டுமோ அவரை வெளியே நிறுத்துகிறது.

4. மாணவரின் சொந்தச் சிக்கல். வங்கிக் கணக்கு, விளையாட்டுப் பொம்மை என்று வரும் வழக்கமான பயிற்சிகளோடு, தமிழ் எழுத்தெண்ணும் நிரல், திருக்குறள் எண்ணைக் கொடுத்தால் அதிகாரத்தைச் சொல்லும் நிரல், பள்ளிச் சிற்றுண்டிச் சாலையின் விலைக் கணக்கு ஆகியவற்றையும் கொடுக்கலாம். குறள் எண்ணிலிருந்து அதிகார எண்ணைக் காண ஒன்றைக் கழித்துப் பத்தால் வகுத்து, மீதியை விட்டு ஒன்றைக் கூட்ட வேண்டும். முழுவகுத்தல் என்ற கருத்தை இதைவிட இயல்பாகத் தமிழ் மாணவருக்கு விளக்குவது அரிது.

5. அருகிலுள்ள முன்மாதிரி. தமிழில் தட்டச்சிட உதவும் முரசு அஞ்சல், செல்லினம் ஆகியவற்றை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர். ஆப்பிள் கருவிகளில் உள்ள தமிழ் எழுத்துருக்களில் அவருடைய உழைப்பு இருக்கிறது. 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. இவற்றை மாணவர் அறிய வேண்டும். எனினும், மாதந்தோறும் நேரில் வந்து பிழைதிருத்தத்துக்குத் துணை நிற்கும் பாலிடெக்னிக் அக்கா ஒருவரின் பயன் வேறு. உயர்ந்த முன்மாதிரி வியப்பைத் தரும்; இரண்டு மூன்று ஆண்டு மூத்தவர், ‘இவரால் முடிந்தால் என்னாலும் முடியும்’ என்ற கணக்கைத் தருகிறார்.

6. நேரம் மோதாமை. பல இடைநிலைப்பள்ளிகளில் தமிழ் வகுப்பு பள்ளி நேரத்துக்குப் புறத்தே நடக்கிறது. கணினி மன்றமும் அதே பிற்பகலில் அமைந்தால் தமிழ் மாணவர் இரண்டில் ஒன்றைத் துறக்க நேரும். ஏற்பாட்டாளர்கள் பள்ளி நிர்வாகத்தோடு பேசி முதலில் சரிசெய்ய வேண்டிய சிறிய விஷயம் இது, செலவில்லாததும்கூட.

செயற்கை நுண்ணறிவு நிரல் எழுதித் தருமே

எழுதித் தரும். மேலே கூறிய எழுத்தெண்ணும் நிரலை நொடியில் தரும். அது ‘ஸ்ரீ’ என்ற எழுத்தில் சறுக்குகிறதா என்று சோதிக்க வேண்டும் என்பது, நிரலைப் படிக்கத் தெரிந்தவருக்கே தோன்றும். வேலையின் எடை எழுதுவதிலிருந்து சரிபார்ப்பதற்கு நகர்வதால், அடிப்படை அறிவின் தேவை குறைந்துவிடவில்லை. கற்கும் கட்டத்தில் ஓர் எளிய வரையறை போதும்: பிழைச்செய்தியின் பொருளை இக்கருவியிடம் தமிழிலேயே கேட்கலாம், பயிற்சியின் விடையைக் கேட்கக் கூடாது. விளக்கம் சொல்ல வீட்டில் ஆளில்லாத மாணவருக்கு இது உண்மையிலேயே புதிய வாய்ப்பு.

பெற்றோரும் ஏற்பாட்டாளரும் கேட்க வேண்டியவை

பிள்ளை படிவம் 1-இல் சேருமுன் பள்ளியிடம் கேட்க வேண்டிய கேள்வி: கணினி அறிவியல் அடிப்படை இங்கே கற்பிக்கப்படுகிறதா, எத்தனை வகுப்புகளுக்கு? இல்லையென்றால், வெளியில் ஒரு மாற்றைப் படிவம் 2-க்குள் தேட வேண்டும். பினாங்கில் கொம்தாரில் உள்ள டெக் டோம், பினாங்கு இலக்கவியல் நூலகம் போன்ற பொது இடங்களும், கோலாலம்பூரில் நூலகங்களும் உயர்கல்விக்கூடங்களின் விடுமுறைப் பட்டறைகளும் தேடலைத் தொடங்கத்தக்க இடங்கள். படிவம் 3-இன் இறுதியில் கேட்க வேண்டியது: பாடத் தெரிவுக்குப் பள்ளி எதை அளவுகோலாக வைக்கிறது, கூடுதல் கணிதம் இல்லாத தொகுப்பில் கணினி அறிவியலை எடுக்க முடியுமா?

நிதி கொடுப்போரும் இயக்கங்களும் கேட்க வேண்டியது வேறு. 2014-இல் இங்கிலாந்து புதிய கணிமைக் கலைத்திட்டத்தைக் கொண்டுவந்து, பழைய தகவல் தொழில்நுட்பத் தேர்வை நீக்கிக் கணினி அறிவியலை முன்னிறுத்தியது. பாடம் தரமானது, ஆனால் பதினாறு வயதுத் தேர்வில் அதை எடுப்போரில் மாணவியர் ஐந்தில் ஒரு பங்கினர் என்ற அளவிலேயே நின்றுவிட்டனர். பழைய பாடத்தில் அவர்களின் பங்கு இதைவிட மிகக் கூடுதலாக இருந்தது. யார் எடுக்கிறார்கள் என்பதைத் தொடக்கத்திலிருந்தே எண்ணிப் பார்க்காத சீர்திருத்தம், நல்ல நோக்கத்தோடு சிலரை வெளியேற்றவும் கூடும். 2027-ஆம் ஆண்டுக் கலைத்திட்டத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். இங்குள்ள பட்டறைகளின் அறிக்கைகளில் முதல் நாள் வந்தோரின் எண்ணிக்கையும் குழுப்படமும் தவறாமல் இடம்பெறுகின்றன. கேட்க வேண்டியவை மூன்று: ஆறாம் மாதத்தில் எத்தனை பேர் தொடர்கின்றனர், யார் யார் எந்தக் கட்டத்தில் விலகினர், தொடர்ந்தவர்களில் எத்தனை பேர் படிவம் 4-இல் கணினி அறிவியலையோ கூடுதல் கணிதத்தையோ எடுத்தனர். மூன்றாவது எண்ணைப் பெற இரண்டு மூன்று ஆண்டுகள் அதே மாணவரோடு தொடர்பில் இருக்க வேண்டும். அதற்கான செலவையும் பொறுப்பாளரையும் திட்ட முன்மொழிவிலேயே குறிப்பிடச் சொல்லலாம்.